பல்புப் பெட்டியில் வாட்டை விட்டு லூமெனைப் பாருங்கள்

எலக்ட்ரிகல் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் காதில் விழும்: "அண்ணே, ஒம்போது வாட் பல்பு ஒண்ணு குடுங்க." வாட் என்பது பல்பு இழுக்கும் கரண்ட். அது திருப்பித் தரும் வெளிச்சத்துக்கு லூமென் என்று வேறு அளவு இருக்கிறது. பெட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். ஆனாலும் கண் வாட்டுக்கே போகிறது.

இது குண்டு பல்புக் காலத்துப் பழக்கம். அப்போது அது சரியாகவும் இருந்தது. 60 வாட் பல்பு என்றால் எந்தக் கம்பெனியானாலும் ஏறக்குறைய 700 லூமென்தான். 100 வாட் என்றால் 1300 சொச்சம். டங்ஸ்டன் கம்பியைச் சூடாக்கி வெளிச்சம் எடுக்கும் வழியில் அதற்கு மேல் யாராலும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. உள்ளே போகும் மின்சாரத்தில் 5 சதவீதம்போலத்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகும், மற்றதெல்லாம் சூடு. அதனால் வாட்டைச் சொன்னாலே வெளிச்சத்தையும் சொன்ன மாதிரி. எல்.இ.டி. வந்ததும் அந்தக் கணக்கு உடைந்துபோனது. ஒரே 9 வாட்டில் 700 லூமென் தரும் பல்பும் இருக்கிறது, 1000 லூமெனைத் தாண்டும் பல்பும் இருக்கிறது. இரண்டும் மீட்டரில் ஒரே அளவுதான் ஓட்டும். ஒன்றில் படிக்கலாம், இன்னொன்றில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது லூமெனை வாட்டால் வகுத்து வரும் எண். 900 லூமென், 9 வாட் என்றால் வாட்டுக்கு 100 லூமென். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சின்னம் முழுக்க இந்த ஒரே எண்ணை வைத்துப் போட்டதுதான்.

அந்த நட்சத்திரத்தைத் தருவது பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் பணியகம். 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002 மார்ச்சில் அமைந்த மத்திய அரசு நிறுவனம். 2006ல் நட்சத்திரத் திட்டத்தைத் தொடங்கியது. ஃப்ரிட்ஜ், ஏ.சி., டியூப்லைட் எல்லாம் முன்பே வந்துவிட, எல்.இ.டி. பல்புக்கு 2015 கடைசியில் விருப்பமிருந்தால் ஒட்டலாம் என்று தொடங்கி, 2018 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கினார்கள். அப்போது வைத்த அட்டவணைப்படி வாட்டுக்கு 68 லூமெனில் ஒரு நட்சத்திரம் தொடங்கும். 79ஐத் தொட்டால் இரண்டு, 90க்கு மூன்று, 105க்கு நான்கு, 120க்கு ஐந்து. 68க்குக் கீழே இருப்பது கடைக்கே வரக்கூடாது. மேலே சொன்ன 900 லூமென் பல்பு மூன்று நட்சத்திரக்காரர்.

குண்டு பல்பை இந்தியா நாடு முழுவதற்குமாகத் தடை செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 2009 செப்டம்பரில் 100 வாட்டில் ஆரம்பித்து, ஆண்டுக்கு ஒரு படியாக 2012க்குள் சட்டத்தால் வெளியேற்றினார்கள். இங்கே அதைச் செய்தது விலை. 2014ல் புதுச்சேரியில் வீடுகளுக்கு எல்.இ.டி. கொடுத்துப் பார்த்த முயற்சிதான், 2015 ஜனவரியில் உஜாலா என்ற பெயரில் நாடெங்கும் போனது. மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் கோடிக்கணக்கில் ஒரே டெண்டரில் எடுக்க, 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பு 2016ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அந்தத் திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. தரமும் விலையும் ஒரே டெண்டரில் பேசப்பட்டதால்தான் அது நடந்தது என்பது என் எண்ணம். குறைந்தபட்சத் தரம் எழுதாமல் விலையை மட்டும் அடித்திருந்தால், ஆறே மாதத்தில் ஊர் முழுக்க "எல்.இ.டி.யே ஏமாத்து வேலை" என்ற பேச்சு வந்திருக்கும்.

கரண்ட் பில்லில் என்ன மாறும்

தமிழ்நாட்டில் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 60 நாளை வைத்துப் பார்ப்போம். ஒரு விளக்கு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மொத்தம் 300 மணி. 60 வாட் குண்டு பல்பு 18 யூனிட் ஓட்டும். 9 வாட் எல்.இ.டி. 2.7 யூனிட். ஒரே ஒரு பல்பை மாற்றியதில் 15 யூனிட்டுக்கு மேல் மிச்சம். முதல் 100 யூனிட் இலவசம் என்று இருக்கும் ஊரில் 15 யூனிட் சின்ன விஷயமில்லை. 500ஐ ஒட்டி ஓடும் வீட்டில் இன்னும் பெரிய விஷயம், ஏனென்றால் 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்குக்கும் கட்டணம் ஏறுகிறது.

அதே 900 லூமெனை மூன்று நட்சத்திரத்துக்குப் பதிலாக ஐந்து நட்சத்திரத்தில் வாங்கினால் 7.5 வாட் போதும். 300 மணிக்கு 2.25 யூனிட். மிச்சம் அரை யூனிட்கூட வராது. எட்டு பல்பு உள்ள வீட்டில் பில்லுக்கு நாலு யூனிட்டுக்குள். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் மூன்று நட்சத்திரப் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஐந்து நட்சத்திரம் மாட்டாதீர்கள், அதில் லாபம் இல்லை. ஆனால் புதிதாக வாங்கும்போது பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒன்றரை வாட் அற்பம்தான். அந்த 36 கோடி பல்பிலும் ஒன்றரை வாட் குறைந்து, எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதாக வைத்துக்கொண்டால் 540 மெகாவாட் வருகிறது. வல்லூர் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் தயாரிக்கும் ஓர் அலகின் முழுத் திறனே 500 மெகாவாட்தான். சாயங்காலம் ஆறரைக்கு ஊரே விளக்குப் போடும் நேரத்தில் அது எவ்வளவு நிலக்கரி என்று நினைத்துப் பாருங்கள். தரநிலை வீட்டுக்காரருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை.

பில்லில் ஒளிந்திருக்கும் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: பூஜை அறையில். சிவப்பு ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ, இழுப்பது 12 முதல் 15 வாட். பழைய சுழல்தட்டு மீட்டரில் அது ஒன்று மட்டும் எரிந்தால் தட்டு நகராது, அதனால் வந்த பெயர். இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டர் அதைச் சரியாகப் பிடித்து எண்ணும். இரவு பகலாக எரியும் 15 வாட், இரண்டு மாதத்தில் 21.6 யூனிட். இலவச 100ல் ஐந்தில் ஒரு பங்கு சாமி படத்துக்கு முன்னால் போய்விடுகிறது. அதே ஹோல்டரில் அரை வாட் எல்.இ.டி. மாட்டினால் இரண்டு மாதத்துக்கு முக்கால் யூனிட்தான். விலையும் அதிகமில்லை. இந்தப் பதிவைப் படித்து ஒரே ஒரு வேலை செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது சோக்கு வைத்த டியூப்லைட். 36 வாட் என்று குழாயில் எழுதியிருக்கும், குழாயை மாட்டும் பட்டிக்குள் இருக்கும் செம்புக்கம்பி சோக்கு தன் பங்குக்கு 12 முதல் 15 வாட் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஆக 50 வாட். 300 மணிக்கு 15 யூனிட். பட்டியும் விளக்கும் ஒன்றாக வரும் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் 6 யூனிட்டில் 2000 லூமென் தருகிறது, அதையும் கீழ்நோக்கியே தருகிறது. பழைய குழாயின் வெளிச்சத்தில் பாதி சுவருக்கும் பட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. பழைய பட்டியை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் எல்.இ.டி. ஆக மாற்றுகிறவர்கள், குழாயோடு வரும் வயரிங் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில குழாய்களுக்கு ஒரே முனையில் பேஸ், நியூட்ரல் இரண்டும் வரும். சிலவற்றுக்கு ஒரு முனையில் பேஸ், மறு முனையில் நியூட்ரல். ஸ்டார்ட்டரைக் கழற்றினால் போதும் என்று சோக்கை அப்படியே விட்டுவிட்டால் அது தேவையில்லாமல் சூடாகும், பாதுகாப்பும் இல்லை. இரண்டு முனையிலும் வரும் வகையில், ஒரு முனையை மாட்டிவிட்டு மறு முனைப் பின்னை விரலால் பிடித்தால் அதில் கரண்ட் வரலாம். சுவிட்சை மட்டுமல்ல, மெயினையே அணைத்துவிட்டு மாற்றுங்கள். சோக்கு, ஸ்டார்ட்டர் இரண்டையும் எடுத்துவிட்டு நேர் வயர் கொடுப்பதே முறை. வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் பதினைந்து நிமிட வேலை.

நட்சத்திரத்துக்குள் ஆயுள் இல்லை

மக்கள் எல்.இ.டி.யைப் பற்றிச் சொல்லும் குறை கரண்ட் அதிகமாகிறது என்பதல்ல. "25,000 மணி நேரம்னு போட்டிருக்கான், ஒரு வருஷம்கூட எரியலை" என்பதுதான். நியாயமான கோபம். தினம் 5 மணி என்றால் 25,000 மணி நேரம் 13 வருஷத்துக்கு மேல் வர வேண்டும்.

நட்சத்திரத்துக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை. நட்சத்திரம் சொல்வது புதுப் பல்பின் லூமெனையும் வாட்டையும். உள்ளே வெள்ளை பூசிய பெரிய உருண்டைக்குள் பல்பை வைத்து, அது சூடேறி நிலைக்கு வந்த பிறகு எல்லாத் திசையிலும் போகும் ஒளியைக் கூட்டி அளப்பார்கள். அறை வெப்பம் 25 டிகிரி. ஆயுளும் பாதுகாப்பும் பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தரநிலைப் பணியகத்தின் பக்கம் வருகின்றன: ஐ.எஸ். 16102 என்ற தரநிலை. அதில் முதல் பகுதி ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. இரண்டாம் பகுதி செயல்திறனுக்கு. உலகத் தரநிலையான ஐ.இ.சி. 62612ஐ ஒட்டி எழுதியது. அதன்படி ஒவ்வொரு பல்பும் எழுதிய வாட்டைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. எழுதிய லூமெனைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையவும் கூடாது. ஒளி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க, சொன்ன ஆயுளில் கால் பங்கு நேரம், அதிகபட்சம் 6,000 மணி எரித்துப் பார்ப்பார்கள். 25,000 மணி நேரம் யாரும் எரித்துப் பார்த்துவிட்டு விற்பதில்லை. விற்க ஆரம்பிக்கவே மூன்று வருஷம் ஆகிவிடும். 6,000 மணிவரை ஒளி இறங்கிய வேகத்திலிருந்து மீதியைக் கணக்கிடுகிறார்கள். அந்த ஆயுள்கூட "அணையும்வரை" என்ற பொருளில் இல்லை. வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் நேரத்தைத்தான் வழக்கமாக ஆயுள் என்று எழுதுகிறார்கள்.

இதில் பெரும்பங்கு உள்ளே ஒளி தரும் சில்லைப் பற்றிய கணக்கு. நம் வீட்டில் முதலில் போவது பெரும்பாலும் சில்லு இல்லை, வீட்டு மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற சுற்று.

ஒரு செத்த பல்பைத் திறந்து பார்ப்போம். ஹோல்டரிலிருந்து கழற்றியபின் சில நிமிடம் விட்டுத் திறக்க வேண்டும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். பால் நிற மூடியை நெம்பினால் கழன்று வரும். கீழே வெள்ளை பூசிய அலுமினியத் தட்டு, அதில் மஞ்சள் சதுரங்கள். அவைதான் எல்.இ.டி. 2.8 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர் என்பதால் 2835 என்று பெயர். மஞ்சளாகத் தெரிவது ஒளியின் நிறத்தை மாற்றும் பாஸ்பர் என்ற பூச்சு. அடியில் இருக்கும் சில்லு தருவது நீல ஒளி; அதில் ஒரு பங்கை பாஸ்பர் மஞ்சளாக்க, இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை. செத்த பல்பில் ஒரு சதுரத்தின் நடுவில் மட்டும் மிளகு வைத்த மாதிரி ஒரு கரும்புள்ளி இருக்கும். சில்லுகள் எல்லாம் வரிசையாக, சீரியலில் கோத்தவை. ஒன்று அறுந்தால் மொத்தமும் அணையும், பண்டிகை சீரியல் செட் மாதிரியே.

அந்தக் கரும்புள்ளிச் சில்லை ஷார்ட் பண்ணிவிட்டால் பல்பு மறுபடி எரியும். தெருவுக்குத் தெரு செய்து தருகிறார்கள். எரியும்தான், ஆனால் நீண்ட நாள் வராது. இப்போதைய மலிவுப் பல்புகளில் தனி டிரைவர் போர்டு கிடையாது, எல்.இ.டி. தட்டிலேயே ஒரு சின்ன ஐ.சி., ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஒரு கெப்பாசிட்டர். இதை டி.ஓ.பி. (டிரைவர் ஆன் போர்டு) என்பார்கள். வீட்டு மின்னழுத்தத்தில் சில்லுகள் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை அந்த ஐ.சி. சூடாகக் கழிக்கிறது. ஒரு சில்லை ஷார்ட் செய்தால் அதன் பங்கு வோல்டேஜும் ஐ.சி. தலையில் ஏறும். தட்டு இன்னும் சூடாகும், அடுத்த சில்லு போகும். அதோடு இந்த வகைப் பல்பில் தட்டின் செம்புத்தடம் நேராக வீட்டு லைனோடு தொடர்புள்ளது, மூடி இல்லாமல் எரியவிட்டால் விரல் பட்டாலே ஷாக். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இப்படி ரிப்பேர் பண்ணிய பல்பை மூடி இல்லாமல் மாட்டவே கூடாது.

சில்லு சாவதற்கும் டிரைவர் சாவதற்கும் பொதுவான காரணம் சூடு. குண்டு பல்பு தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.இ.டி.யால் அது முடியாது. சூடு தட்டு வழியாக, உடம்பு வழியாகக் காற்றுக்குப் போக வேண்டும். நல்ல பல்பில் பிளாஸ்டிக் உறைக்குள் அலுமினியக் கிண்ணம் இருக்கும், தட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே வெள்ளைப் பசை தடவியிருக்கும். மோசமானதில் இரண்டும் இருக்காது. ஒரே வாட் பல்புகள் இரண்டை இரு கையிலும் எடுத்துப் பாருங்கள். கனமானதைத் தேர்ந்தெடுங்கள். எல்லா நேரமும் செல்லும் சோதனை இல்லை, ஆனாலும் கடை கவுண்ட்டரில் வேறு எதுவும் இவ்வளவு உதவாது.

25 டிகிரி ஆய்வுக்கூடம் எங்கே, சித்திரை மாதத்துத் தளம் போட்ட வீட்டின் உள்கூரை எங்கே. அதிலும் நம் ஊரில் பல்பைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறோம், டிரைவர் மேலே, சில்லு கீழே. சூடு மேலே ஏறி டிரைவரில் உட்காரும். அதை மூடிய கண்ணாடி டூமுக்குள் போட்டால் கேட்கவே வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும். உள்ளிருக்கும் திரவம் காய்ந்ததும் ஒளி துடிக்கத் தொடங்கும், விநாடிக்கு 100 தடவை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கொஞ்ச நேரம் படித்தால் தலை கனக்கும். செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கு விழும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்தப் பல்பு படிக்கும் மேசைக்கு ஆகாது. புதுப் பல்பிலேயே பட்டை ஓடினால் டிரைவரில் கை வைத்துக் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நட்சத்திரம் நான்கு, ஐந்து என்று இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் துடிப்பை அந்த அட்டவணை கேட்பதில்லை.

வோல்டேஜையும் சொல்ல வேண்டும். 230 வோல்ட் என்பது சராசரி மாதிரி ஒரு கணக்கு. அலையின் உச்சி 325. லைன் 270க்கு ஏறினால் உச்சி 382 ஆகிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 400 வோல்ட் தாங்கக்கூடியது. எவ்வளவு நெருக்கம் பாருங்கள். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் லூஸானால் ஒரு அறையில் விளக்கு மங்கும், இன்னொரு அறையில் 300, 350 என்று ஏறும். ஒரே வாரத்தில் மூன்று நான்கு பல்பு போனால் கம்பெனியைத் திட்டும் முன் நியூட்ரலைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு முன்னால் என்றால் இ.பி. ஆள் வர வேண்டும், பின்னால் என்றால் உங்கள் எலக்ட்ரீஷியன். அடுத்து போவது ஃப்ரிட்ஜாக இருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மின்மினி மாதிரி மினுங்குகிறது என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பல்பில் குறை இல்லை. சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசியும் துளிக் கரண்ட் போதும் அதை மினுங்க வைக்க. இண்டிகேட்டர் இல்லாமலும் மினுங்கினால், சுவிட்சை பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டர் பின்னில் டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரியும். இதை உடனே மாற்ற வேண்டும். கரண்ட் வீணாகிறது என்பதற்காக இல்லை. அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஹோல்டரில் கை வைக்கிறவருக்காக.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

பெட்டியைத் திருப்பி, ஐ.எஸ். 16102 என்ற எண்ணையும் "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் வரும் பதிவு எண்ணையும் தேடுங்கள். எல்.இ.டி. பல்புக்கு இந்தப் பதிவு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று காட்டும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பொருள் என்று வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். எண்ணே இல்லாமல் வண்டியில் குவித்து விற்கும் பல்பு எத்தனை மலிவானாலும் வேண்டாம். முதல் பகுதித் தரநிலை கேட்கும் ஷாக் பாதுகாப்பை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

நிறத்தை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். ஆனால் ஒரு விஷயம். ஒரே கம்பெனியின் 3000 கெல்வின் மஞ்சள் வெள்ளை, 6500 கெல்வின் நீல வெள்ளையைவிட லூமெனில் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதேபோல நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண்ணைக் கூட்டினாலும் லூமென் இறங்கும். சிவப்பை நன்றாகக் காட்ட பாஸ்பரில் சிவப்பு சேர்க்க வேண்டும், சிவப்புக்கு நம் கண் மந்தம், அதனால் லூமென் கணக்கில் நஷ்டம். நட்சத்திரத்தை மட்டும் துரத்தி வாங்கினால் பட்டுப்புடவை நிறமும் தக்காளி நிறமும் செத்துப்போன வெளிச்சத்தில் வந்து நிற்போம். சி.ஆர்.ஐ. 80க்குக் குறையாமல் பாருங்கள், சமையலறைக்கும் கண்ணாடி முன்னாலும் 90 கிடைத்தால் இன்னும் நல்லது.

எழுதிய வாட் உண்மையா என்று வீட்டு மீட்டரிலேயே பார்க்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும், நிறைய மீட்டர்களில் 3200. அப்படியானால் சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டினால் 0.3125 வாட்-மணி. வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜ், இன்வர்ட்டர், டி.வி.யின் ஸ்டாண்ட்பை, வைஃபை பெட்டி, செல் சார்ஜர் உட்பட. ஐந்து நிமிடம் சிமிட்டாமல் இருக்க வேண்டும். சிமிட்டினால் எங்கேயோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இப்போது சோதிக்கும் பல்பை மட்டும் போட்டு, கால் மணி நேரம் சூடேறவிட்டு, ஒரு சிமிட்டலிலிருந்து அடுத்ததுக்கு எத்தனை விநாடி என்று செல்போனில் பிடியுங்கள். 9 வாட் என்றால் 125 விநாடி. பத்து சதவீதச் சலுகையோடு 113 விநாடிவரை போகலாம். நூறுக்குக் கீழே வந்தால் பெட்டியில் எழுதியது தப்பு. 3200 துடிப்பு மீட்டரில் 1125ஐ விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். ஒரே மாதிரி நான்கு பல்பு இருந்தால் நான்கையும் சேர்த்துப் போடுங்கள், காத்திருக்கும் நேரம் கால் பங்காகும், பிழையும் குறையும். லூமெனை வீட்டில் அளக்க முடியாது. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தைக் காட்டும் செல்போன் லக்ஸ் செயலி இரண்டு பல்பை ஒரே ஹோல்டரில், ஒரே தூரத்தில் வைத்து ஒப்பிடத்தான் உதவும். அது காட்டும் எண்ணைத் தனியாக நம்ப வேண்டாம்.

நம் மூன்று நட்சத்திர 100 லூமென் பல்பை ஐரோப்பாவில் இறக்கினால், 2021 செப்டம்பரில் மாறிய அங்கத்தைய லேபிளில் கடைசிக்கு முந்தைய படிதான் கிடைக்கும். அங்கே முதல் படிக்கு வாட்டுக்கு 210 லூமென் வேண்டும். அமெரிக்கா 2023ல் 45 லூமெனுக்குக் கீழ் விற்பதை நிறுத்தியது. 2024ல் வெளியிட்ட விதி, சாதாரண வீட்டுப் பல்புக்கு 2028 ஜூலையிலிருந்து 120க்கு மேல் கேட்கிறது. அதாவது நம் ஐந்து நட்சத்திரம் தொடங்கும் இடம் அங்கே வாசற்படி. நம் அட்டவணையை மேலே நகர்த்த இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அதைவிட அவசரமாக வேண்டியது, சின்னத்துக்குப் பக்கத்திலேயே துடிப்புக்கும், 40 டிகிரி வெப்பத்தில் டிரைவர் தாங்கும் நேரத்துக்கும் ஒரு வரி. ஒரு வருஷத்தில் செத்து மூன்று தடவை வாங்க வைக்கும் ஐந்து நட்சத்திரத்தைவிட, ஐந்து வருஷம் எரியும் மூன்று நட்சத்திரம் வீட்டுக்கும் நாட்டுக்கும் மலிவு.

அந்த வரி வரும்வரை உத்தரவாதம்தான் நம் கையில் இருக்கும் ஆயுள் சோதனை. இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று எழுதித் தருகிறார்கள், நாம்தான் பில்லைத் தொலைத்துவிடுகிறோம். பல்பை மாட்டும் முன் அடிப்பகுதி வெள்ளைப் பிளாஸ்டிக்கில், வாட் எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே, அழியாத மார்க்கரால் மாட்டும் தேதியை எழுதுங்கள். பில்லை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கடைத் தாளில் மை ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். பெட்டியின் பதிவு எண் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டி இ.பி. கார்டோடு வைத்தால் போதும். பல்பு போனால் மூன்றையும் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள்.